பழைய லாரிக்குக் கழற்றி வந்த ஃபில்டர்: மாட்டிய பிறகு வரும் கோளாறுகளும் பார்க்கும் முறையும்

எங்கள் வீட்டில் ஒரு மூக்கு வண்டி, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய லாரி, நிற்கிறது. டாடா பென்ஸ். அப்பா செங்கலும் ஓடும் ஏற்றி ஓட்டிய லாரி. அதை ஓட்டத்தில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும், இந்தப் பக்கம் பழைய லாரி வைத்திருக்கும் சிலர் தங்கள் வண்டியையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், ஒரு ஃபில்டர் கூடு கிடைத்திருக்கும், கழுவி மாட்டியிருப்பார்கள், அன்றிலிருந்து வண்டி சரியில்லை. யாரோ "பம்ப் போச்சு" என்று, நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைச் சொல்லியிருப்பார்கள். கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் பம்ப் நன்றாக இருக்கும், கோளாறு ஒரு ரப்பர் வளையத்தில் இருக்கும்.

எனக்கு வேலை சொல்லித்தந்த ஆசான் எப்போதும் சொல்வது இது: "மக்கா, பம்புல கை வைக்காத. மொதல்ல கிண்ணத்தப் பாரு." அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## மாட்டுவதற்கு முன்னால்

கூடு, கிண்ணம், மைய போல்ட், ஸ்பிரிங், இவை பழையதாக இருக்கலாம். உள்ளே வடிகட்டும் காகித எலிமெண்ட்டும் ரப்பரும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். காகித எலிமெண்ட்டை மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் மடிப்பில் கிழிந்திருக்கும், அந்த வழியே போகும் தூசி, பம்பில் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரைத் தின்றுவிடும். கம்பளி அல்லது துணி எலிமெண்ட் என்றால் கழுவலாம். இரண்டு முனை ஓட்டைகளையும் தக்கையால் அடைத்துவிட்டு, வெளிப்பக்கம் மட்டும் மண்ணெண்ணெயில் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு தக்கையை எடுத்துவிட்டு உள்ளிருந்து வெளியே லேசாகக் காற்று விடுங்கள். டீசல் வெளியிலிருந்து உள்ளே போய்த்தான் வடிகட்டப்படுகிறது, அதனால் உள்பக்கம் சுத்தமான பக்கம். கழுவும்போது அழுக்குத் தண்ணீர் உள்ளே போனால் கழுவியதே வீண். செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடி போடலாம்.

நம்முடைய கன்னியாகுமரி ரப்பர் விளையும் மாவட்டம். குலசேகரம், அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் துண்டுக்குப் பஞ்சமில்லை, டயர் டியூப்பை வட்டமாக வெட்டி வாஷர் போட்டுவிடலாம் என்று கை போகும். போடாதீர்கள். ஒரே டியூப்பில் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை டீசலில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டீசலில் கிடந்தது அப்பம்போல உப்பியிருக்கும், நகத்தால் அழுத்தினால் குழியும். அது கிண்ணத்தின் விளிம்பில் இருந்தால் முதல் நாள் நன்றாகப் பிடிக்கும், அடுத்த வாரம் பிதுங்கி வெளியே வரும். கடையில் டீசல் தாங்கும் ரப்பரான நைட்ரைல் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு உள்ளூர் விஷயம். குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகிலிருந்து கழற்றிய லேலண்ட் சாமான்களும் பழைய கடைக்கு வருகின்றன. ஃபில்டர் தலை (கிண்ணத்தை மாட்டும் மேல்பகுதி) அலுமினியம் என்றால், கேஸ்கெட் உட்காரும் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி கையில் ஒட்டி, அதற்குக் கீழே அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரிந்தால் உப்புத் தண்ணீர் தின்ற சாமான். அதில் எந்த ரப்பரும் நிற்காது. ஆழமில்லாத குழி என்றால் லேத்தில் கொடுத்து முகத்தை மட்டம் பிடிக்கலாம். ஆழமானதை வாங்கவே வேண்டாம்.

கூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஓட்டைகளை அடைத்துவிட்டு உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காய விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெள்ளைப் பூச்சின் மேல் ஒரு நனைந்த கோடு எழும். டார்ச் வெளிச்சத்தில் நான் பத்து நிமிடம் தேடியும் காணாத வெடிப்பை இந்தப் பூச்சு காட்டிக் கொடுத்திருக்கிறது.

கிண்ணத்துக்குள் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே பெயிண்ட் அடிக்காதீர்கள், அது உரிந்து பம்புக்குத்தான் போகும். கேஸ்கெட் முகத்தில் உப்புத்தாள் போடக்கூடாது. துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் விடும். துவைத்த பழைய வேட்டித் துணிதான் சரி.

போல்ட்டின் மரைகளையும் (திருகு வரிகள்) பாருங்கள். டாடாவும் பென்ஸும் 1954 முதல் 1969 வரை சேர்ந்து வண்டி செய்தன, அந்த வழி வந்த எஞ்சின்களில் மில்லிமீட்டர் மரை. பழைய லேலண்ட், பெர்கின்ஸ் எஞ்சின்கள் இங்கிலாந்து வழி வந்தவை, அங்கே அங்குலக் கணக்கு. ஒன்றின் போல்ட் இன்னொன்றில் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். கையாலேயே கடைசிவரை ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும்.

## ஸ்டார்ட் ஆகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் அணைகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் வேலை முடிந்தது.

சத்தம் இல்லையா? டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் எடுக்கும் திருகை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, பீடு பம்பில் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்பும் சின்ன பம்ப்) இருக்கும் கைப்பம்பை அடியுங்கள். என்ன வருகிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

### குமிழி வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்று சுத்தமான டீசல் வருகிறது

கிண்ணத்தைத் திறந்தபோது உள்ளே போன காற்றுதான். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள், நின்ற பிறகு இறுக்கினால் காற்று மறுபடி ஏறும். இரட்டைக் கிண்ணம் என்றால் முதல் கிண்ணம், பிறகு இரண்டாவது. அடுத்து பம்பில் இருக்கும் திருகு. அப்புறமும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) பக்கத்துக் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டரை அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். அங்கே விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

### குமிழி நிற்கவே இல்லை

எங்கிருந்தோ காற்று உள்ளே வருகிறது. இங்கே பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். பீடு பம்புக்குப் பிறகு, அதாவது ஃபில்டர் பக்கம், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்குக்கும் பீடு பம்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது, ஏனென்றால் அந்தப் பகுதி உறிஞ்சுகிற பகுதி. காற்றை உள்ளே இழுக்கும், வெளியே காய்ந்தே இருக்கும். அதனால் ஈரம் இல்லாத இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பார்க்கும் வழி: ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து, புது ஹோஸ் ஒன்றால் நேரே பீடு பம்புக்குக் கொடுங்கள். குமிழி நின்றால் டேங்க் குழாயில்தான் கோளாறு. ஹோஸ் வெடிப்பு, கிளிப், குழாய் முனையை இறுக்கும் பேஞ்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர், இந்த வரிசையில் மாற்றுங்கள். கேனிலிருந்து கொடுத்தும் குமிழி நிற்கவில்லை என்றால், பீடு பம்பின் முன்னால் இருக்கும் சின்ன வலைக் கிண்ணத்தின் வாஷரைப் பாருங்கள். யாரும் கண்டுகொள்ளாத கிண்ணம் அது. அதுவும் நன்றாக இருந்தால் கைப்பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

### குமிழியும் இல்லை, டீசலும் வரவில்லை

கேன் வைத்துப் பார்த்தால் வருகிறதா? டேங்கில் அடைப்பு. வரவில்லையா? பீடு பம்பின் வலையைக் கழுவுங்கள், பிறகு உள்ளே வால்வு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பீடு பம்புக்குப் பழுதுபார்க்கும் செட் கிடைக்கும், பொறுமை இருந்தால் வீட்டிலேயே போடலாம்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

பம்பின் திருகில் குமிழி இல்லாத டீசல் வருகிறது, எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளும் முழுதாகத் திரும்புகிறது, நாசில் குழாயில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது பம்ப் சர்வீஸ் செய்கிறவரின் வேலை. பம்பைத் திறந்து மூடினால் மறுபடி சோதனை மேடையில் ஏற்றி அளவு வைக்க வேண்டும், அதை வீட்டு முற்றத்தில் செய்ய முடியாது.

## வெறும் வண்டி ஓடும், லோடு ஏற்றினால் இழுக்காது

பேச்சிப்பாறை ஏற்றத்தில் தெரியும், சமதளத்தில் தெரியாது. பக்கக் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். அதுதான் வழி பிரிக்கும்.

### கரும்புகை வருகிறது

காற்று போதவில்லை. தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் ஃபில்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைப் பாருங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக ஓடுகிற வண்டி, குளத்து வண்டல் ஏற்றுகிற வண்டி என்றால் அடியில் களிபோல மண் படிந்திருக்கும். அரை அங்குலம் படியும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். எஞ்சினில் ஊற்றுகிற அதே ஆயிலைக் கோடுவரை ஊற்றினால் போதும். கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவலாம், பெட்ரோல் கூடாது. கழுவியதைக் கவிழ்த்து வைத்து முழுதாக வடிய விடுங்கள். ஏன் என்று மூன்று தலைப்பு தள்ளி எழுதியிருக்கிறேன்.

பழைய கடையில் வாங்கிய ஏர் ஃபில்டர் என்றால் வலைக்குள் குளவிக்கூடு, எலி சேர்த்த பஞ்சு இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

### புகையே இல்லை, இழுவையும் இல்லை

டீசல் போதவில்லை. எலிமெண்ட் அடைத்திருக்கிறது. புது எலிமெண்ட் போட்டு ஒரு வாரத்தில் மறுபடி அடைத்தால் எலிமெண்ட்டைத் திட்டிப் பயனில்லை, டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். பல மாதம் நின்ற வண்டியின் டேங்கில் கறுப்பாக, நுங்கு வழுவழுப்பில் ஒரு படிவு இருக்கும். டேங்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வைக்க வேண்டும் என்றால், தெரிந்த கடையில் கொடுங்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவி தீப்பிடித்து வெடிக்கும்.

இரட்டைக் கிண்ணத்தில் இன்னொன்றும் நடக்கும். முதல் கிண்ணத்தில் கம்பளி அல்லது துணி, இரண்டாவதில் காகிதம். கூடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் மாற்றிப் போட்டால் காகிதம்தான் எல்லா அழுக்கையும் வாங்கும், சீக்கிரம் அடைக்கும். பீடு பம்பிலிருந்து வரும் குழாய் எந்தக் கிண்ணத்தில் நுழைகிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

## வெள்ளைப் புகை, திக்கித் திக்கி ஓடுகிறது

காலையில் எஞ்சின் சூடாகும்வரை கொஞ்சம் வெள்ளைப் புகை இருக்கும், அது பரவாயில்லை. சூடான பிறகும் இருந்தால் டீசலில் தண்ணீரைத் தேடுங்கள். நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் உள்சுவரில் ஈரம் வேர்த்து அடியில் சேரும்.

கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். கொஞ்சம்தான் என்றால் டேங்கின் அடிப் போல்ட்டைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். காகித எலிமெண்ட்டை மாற்றுங்கள், நனைந்த காகிதம் ஊறிப்போய்விடும்.

கிண்ணம் முழுக்கத் தண்ணீர், வண்டியும் அதோடு ஓடியிருக்கிறது என்றால், பம்புக்கும் தண்ணீர் போயிருக்கும். அன்றைக்கே பம்ப் ஆளிடம் கொண்டுபோங்கள். அப்படியே நிறுத்தி வைத்தால் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகிவிடும், சர்வீஸோடு முடிய வேண்டிய வேலை புதுச் சாமானில் போய் நிற்கும்.

தண்ணீரே இல்லை, ரேடியேட்டரில் மட்டும் தண்ணீர் குறைகிறது என்றால் அது ஃபில்டர் விஷயம் இல்லை. ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் ரேஸ் ஆகிறது

படிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஏர் ஃபில்டரின் வாயைவிடப் பெரிதான ஒரு தட்டைப் பலகையை வெட்டி வண்டியில் போட்டு வையுங்கள்.

ஆயில் பாத் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிக் குடிக்கும். கழுவிய வலை சரியாக வடியவில்லை என்றால் அதில் நிற்கும் மண்ணெண்ணெயையும் குடிக்கும். டீசல் எஞ்சினுக்கு அதுவும் எரிபொருள்தான். எனக்கு ஒரு முறை நடந்தது. மழை வரப்போகிறது என்ற அவசரத்தில் வலை ஈரமாக இருக்கும்போதே மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஸ்டாப் கேபிளை இழுத்தேன், நிற்கவில்லை, ஏனென்றால் அந்த எண்ணெய் பம்ப் வழியாக வரவில்லை. முற்றத்தில் கிடந்த பலகையை எடுத்து வாயில் வைத்து அழுத்தியதும் இரண்டு மூன்று நொடியில் மூச்சடைத்து நின்றது. கை நடுக்கம் நிற்க அதைவிட அதிக நேரம் ஆனது.

பலகை மட்டும்தான் வைக்க வேண்டும். கையையோ துணியையோ கொண்டுபோனால் உள்ளே இழுத்துவிடும். நின்ற பிறகு ஆயிலைக் கோட்டுக்கு இறக்கி, வலையை ஓர் இரவு வடியவிட்டு, ஏர் குழாயின் உள்பக்கத்தையும் துடையுங்கள்.

கோடு சரி, வலையும் காய்ந்திருக்கிறது, ஆனாலும் ரேஸ் ஆகிறதா? ஸ்டாப் கேபிளுக்கு நின்றால், பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கோளாறு. நிற்கவில்லை என்றால் எஞ்சினின் சொந்த ஆயில் மேலே ஏறுகிறது. இரண்டுமே மெக்கானிக் இல்லாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாத நிலை.

## ஆயில் ஃபில்டர் மாட்டியபின் பிரஷர் ஏற மறுக்கிறது

கிண்ணம் காலியாக இருக்கிறது, ஆயில் நிரம்ப நேரம் எடுக்கிறது. வாய் மேலே பார்க்கும் கிண்ணம் என்றால் மாட்டும் முன்பே ஆயில் ஊற்றி நிரப்புங்கள். மாட்டியபின், ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்கு மேல் போகாமல், விட்டு விட்டு அடியுங்கள். கேஜ் முள் அசைந்த பிறகு கேபிளை விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆகிப் பத்து நொடியில் முள் எழவில்லை என்றால் அணையுங்கள். எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்பில் அளவைப் பாருங்கள், பிறகு கேஜ் குழாய். அதுவும் சரி என்றால் பழைய கூட்டின் உள்வழி உங்கள் எஞ்சினின் வழியோடு பொருந்தவில்லை. கேஸ்கெட்டைத் தலையின் மேல் வைத்து, ஒவ்வோர் ஓட்டையும் எதிரே ஓட்டையைத்தான் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். பொருந்தியும் ஏறவில்லை என்றால் சம்பைக் கழற்றும் வேலை, ஆளைக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்" என்றால் பேரிங் போகும்.

## கிண்ணத்தின் விளிம்பில் ஆயில் வடிகிறது

பாதி ஊர் மைய போல்ட்டை இன்னும் இறுக்கும். இறுக்காதீர்கள். கழற்றி, தலையில் வளையம் உட்காரும் காடியை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே இருக்கும். சூட்டில் வெந்து, கல்போலக் கறுத்து, இரும்போடு இரும்பாகத் தெரியும். அதன் மேலேதான் புது வளையத்தைப் போட்டிருப்பீர்கள். சைக்கிள் ஸ்போக்கின் முனையை வளைத்து, ஓர் இடத்தில் மெதுவாகத் தூக்கினால் துண்டு துண்டாக வரும். ஸ்குரு டிரைவர் போட்டால் காடியில் கீறல் விழும், அப்புறம் எந்த வளையமும் நிற்காது. கடைசிச் சில்லுவரை எடுத்துவிட்டு, புது வளையத்தில் ஆயில் தடவி உட்கார வையுங்கள். பாதிக்கு மேல் நான் பார்த்த ஆயில் கசிவுகள் இதோடு நின்றன.

காடி சுத்தம், வளையம் ஒன்றுதான், இன்னும் வடிகிறது என்றால் மைய போல்ட்டின் தலைக்கடியில் இருக்கும் வாஷர். அதுவும் சரியென்றால் விளிம்பு நெளிந்திருக்கிறது: கண்ணாடித் துண்டின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, எங்கே ஆடுகிறது என்று பாருங்கள். நெளிந்த கிண்ணத்தைத் தட்டி நேராக்க முடியாது, வேறு கிண்ணம் தேடுங்கள். மைய போல்ட்டின் மரையே போயிருந்தால் லேத்தில் புஷ் அடித்து மரை போடுவார்கள்.

## ஒரு கோளாறும் தெரியவில்லை

இதுதான் எனக்குப் பயம். பழைய கூடு வரும்போது, மைய போல்ட்டில் எலிமெண்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய ஸ்பிரிங், அதன் மேல் வாஷர், அதன் மேல் சின்ன ரப்பர், இந்த மூன்றில் ஒன்று காணாமல் போயிருக்கும். எலிமெண்ட் மேலே அழுந்தாமல் மிதக்கும். ஆயிலும் டீசலும் அதைச் சுற்றிக்கொண்டு அழுக்கோடு உள்ளே போகும். பிரஷர் சரியாகக் காட்டும், இழுவை இருக்கும், புகை இருக்காது. எஞ்சின் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

மாட்டும் முன் கிண்ணத்துக்குள் கையை விட்டு எலிமெண்ட்டை அழுத்திப் பாருங்கள். கீழே போய் மறுபடி மேலே எழும்ப வேண்டும். ஆயில் ஃபில்டர் தலையில் இருக்கும், எலிமெண்ட் அடைத்தால் ஆயிலுக்கு வேறு வழி விடும் பைபாஸ் வால்வையும் ஒரு மரக்குச்சியால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். துருப்பிடித்துத் திறந்தபடி நின்றால் ஆயில் முழுக்க வடிகட்டாமலே சுற்றும். மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டும் அசையவில்லை என்றால் அந்தத் தலையை விட்டுவிடுங்கள்.

ஏர் பக்கம் பார்ப்பதற்கு: ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். லேசான எண்ணெய்க் கறை பரவாயில்லை. மண் நிறத்தில் துணி வந்து, விரலில் நறநறவென்று உரசினால் ஹோஸில் வெடிப்போ கிளிப்பில் இடைவெளியோ இருக்கிறது. அதை மாற்றி, ஒரு மாதம் ஓடியபின் அதே இடத்தை மறுபடி துடையுங்கள். துணி சுத்தமாக வந்தால் அந்தக் கூடு நம் வண்டிக்குச் சேர்ந்துவிட்டது.